அம்பு எடுக்கிற கை

சங்கரன்கோவில் குருசடித் தெரு அன்னக்கிளிக்கு அப்பா வழி வடக்கன்குளம், அம்மா வழி காமநாயக்கன்பட்டி. வாக்கப்பட்டு வந்தது இந்தத் தெருவில் விறகுக்கடை சவரிமுத்து வீட்டுக்கு, அவருடைய இளைய மகன் மரியசூசைக்கு. சூசை மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்தபோது மகன் செல்வக்குமார் தவழ்ந்துகொண்டிருந்தான். பிறந்த வீட்டுக்குப் போய்விடு என்று எல்லாரும் சொன்னார்கள்.

"அங்கன போனா அண்ணன் பொண்டாட்டிக்கு வேலைக்காரி. இங்கன இருந்தா ஊருக்கு வேலைக்காரி. ஊரு பெருசு, ஏசினாலும் கொஞ்சம் தள்ளி நின்னு ஏசும்" என்று சொல்லிவிட்டு இங்கேயே இருந்துகொண்டாள்.

ஊரில் அப்போது வயசான டாக்டர் ஒருத்தர் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அங்கே கூட்டித் துடைக்கப் போனாள். ஒருநாள் மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு ஆளை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். காலில் சர்க்கரைப் புண். கம்பவுண்டர் தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். கூட வந்தவர்கள் நாற்றம் தாங்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "கையக் கழுவிட்டு நான் காலப் பிடிக்கட்டுமா ஐயா?" என்று கேட்டாள் அன்னக்கிளி. அதற்குப் பிறகு அவளைத் துடைப்பம் எடுக்க டாக்டர் விடவில்லை.

டாக்டர் காலம் முடிந்த பிறகு அவளே பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். பஞ்சு, வலைத்துணி, உப்புத்தண்ணி பாட்டில், மருந்து. பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்கு மேற்கே கடையநல்லூர் வரைக்கும், கிழக்கே மானாவாரிக் காட்டு ஊர்கள் வரைக்கும் போய்வருவாள். இந்துக்கள் வீடு, முஸ்லிம்கள் வீடு, வேதக்காரர்கள் வீடு என்று கிடையாது. புண்ணுள்ள வீடு. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. புண்ணில் ஒட்டிக்கிடக்கிற பழைய துணியை இழுக்கவே மாட்டாள். சொட்டுச் சொட்டாக உப்புத்தண்ணியை விட்டுவிட்டு, அது தானாக விடுகிற மட்டும் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "வலிக்காது ராசா. வலிச்சா என்னையத் திட்டு" என்பாள். அவளைத் திட்டினவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அவள் செத்துப்போனால் வந்து அழப்போகிறவர்களும் அவர்கள்தான்.

குருசடித் தெருவின் குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலில், இருப்பது செபஸ்தியார். மரத்தில் கட்டிவைத்து அம்பு எய்யப்பட்ட வேதசாட்சி. தேக்கு மரத்துச் சுரூபம், நெஞ்சிலும் விலாவிலும் தோளிலும் துளை, துளைக்குள்ளே செருகின இரும்பு அம்புகள். தை மாதத்தில் அவருக்குத் திருநாள். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் இந்தத் தெருவில் 'அம்பெடுப்பு' நடக்கும். அந்த அம்புகளைப் பங்குச் சாமியார் தொடுவதில்லை, தெருப் பெரியவரும் தொடுவதில்லை. தாலி அறுத்த ஒருத்திதான் எடுக்கவேண்டும். அம்பை உருவி, துளையில் வேப்பெண்ணெய் தொட்டுவைத்து, பஞ்சை வைத்து மூடுவாள். அன்றைக்கு அவள் தலையில் தெருவே சேர்ந்து மல்லிகைப்பூ வைக்கும். அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'ஐரேனம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாள் காலையில் அந்த அம்புகளைத் தட்டில் வைத்துச் சீக்காளிகள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் கொண்டுபோவாள். வீட்டுக்காரர்கள் தட்டில் உப்பும் மிளகும் போட்டுக் கும்பிடுவார்கள். எட்டாம் நாள் தெருப் பெரியவர், "ஐயா, மன்னிச்சுக்கிடும்" என்று சொல்லித் திரும்ப அம்பைச் செருகுவார்.

மற்ற நல்ல காரியங்களில் எல்லாம் ஓரமாக நிற்கிற ஒருத்தி அன்றைக்கு நடுவில் நிற்பாள். சூசை செத்த மறு தையிலிருந்து அது அன்னக்கிளியாக இருந்தது.

போன ஆடியில் அவளுடைய மகன் செல்வக்குமார் செத்துப்போனான். தறிக்கூடங்களில் மெக்கானிக் வேலை பார்த்தவன். ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த மறு வாரம் பைக்கில் வரும்போது எருமை குறுக்கே பாய்ந்தது. அவ்வளவுதான்.

அவன் பெண்டாட்டி பிரேமலதா பனவடலிசத்திரத்துப் பெண். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும்போது பழகி, வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவள். பிள்ளை இன்னும் உண்டாகவில்லை. சடங்கெல்லாம் முடிந்த பிறகு அவள் அப்பா உச்சிமாகாளி வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் தங்கச்சி காவியாவுக்கு நிச்சயதாம்பூலம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரை விட்டு இறங்கும்போது அம்மா இசக்கித்தாய் மூத்த மகளைப் பார்த்து, "நீ முன்ன வந்துராத தாயி, பொறவாசல் பக்கமா இரு" என்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள். பிரேமலதா பின்வாசல் வழியாகவே நடந்து பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் வீட்டுக்குள் அடைந்தாள். தண்ணீர் பிடிக்கக்கூட வாசலுக்கு வரமாட்டாள். கல்லறைத் திருநாளுக்குத் தெரு முழுக்க மெழுகுதிரியோடு போனபோதும் இவள் போகவில்லை. காவியா போன் போடுவாள், எடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், பதில் சொல்ல மாட்டாள். ஊர்ப் புண்ணையெல்லாம் ஆற்றின அன்னக்கிளிக்கு இந்தப் புண்ணில் எங்கே கை வைக்க என்று தெரியவில்லை. மகனைப் பறிகொடுத்தவள் அவளும்தானே. இரண்டு பேரும் சோற்றைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மார்கழியில் கடையநல்லூரில் சுலைமானுக்குக் கட்டுப் போடப் போயிருந்தாள். சுலைமான் சவுதியில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு, சர்க்கரையையும் ஒரு போர்வையையும் கொண்டுவந்தவர். வாய் ஓயாது. கால் கட்டை விரலில் புண். அவர் பெண்டாட்டி ஆமினாள் டீ வைத்துக்கொண்டிருந்தாள். துணி ஊறுகிற வரைக்கும் பேச்சு வேண்டுமே.

"ஏ அன்னக்கிளி, வருசா வருசம் அம்பு எடுக்கப் போறேன், அம்பு எடுக்கப் போறேங்குத. யாரு எய்த அம்பு அது? வெவரமாச் சொல்லு பாப்பம்."

"அவரு ரோமாபுரியில ராசாவுக்கு மெய்க்காவல் படையில பெரிய ஆளு, அண்ணாச்சி. ராசாவுக்கு அவருன்னா உசுரு. ஆனா அந்த ராசா வேதக்காரங்களப் பிடிச்சுப் பிடிச்சுக் கொல்லுதவன். இவரு உள்ளுக்குள்ள வேதக்காரரு. பகல்ல ராசா பக்கத்துல நிப்பாரு, நேரம் கிடைச்சா செயிலுக்குப் போயி, நாளைக்குச் சாகப்போறவங்களுக்குத் தைரியம் சொல்லுவாரு."

"ராசாவுக்குத் தெரியாதாக்கும்?"

"ஒருநா தெரிஞ்சு போச்சு. உன்னய எவ்வளவு நம்புனேன்னு ராசாவுக்குக் கோவம்."

"எங்க அரபி மொதலாளி, கபில் கணக்கா" என்றார் சுலைமான். "பாஸ்போர்ட்ட வாங்கிப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு, நீ என் தம்பின்னு சொல்லுவான்."

"சும்மா கிடங்க நீங்க" என்றாள் ஆமினாள் அடுப்படியிலிருந்து. "அவ சொல்லட்டும்."

"மரத்துல கட்டி வில்லுக்காரங்கள விட்டு எய்யச் சொல்லிட்டான். உடம்பெல்லாம் அம்பு. செத்துட்டாருன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. அங்கன ஐரேன்னு ஒரு பொம்பள. அவ புருசனையும் இதே ராசாதான் கொன்னது. அவ, இந்தப் பிள்ளையையாவது நல்ல இடத்துல புதைப்பமேன்னு போனா. போய்த் தொட்டா மூச்சு இருக்கு! வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து ஒவ்வொரு அம்பா எடுத்து, மருந்து வச்சு, கட்டுப் போட்டு, மறைச்சு வச்சுப் பாத்து எந்திரிக்க வச்சுட்டா."

"உன் ஆளுதான் அவ" என்று சிரித்தார் சுலைமான். "பொறவு? அவரு ஊரை விட்டு ஓடிட்டாராக்கும்?"

"எல்லாரும் ஓடத்தான் சொன்னாங்க. அவரு நேரா ராசா வாற படிக்கட்டுல போயி நின்னுட்டாரு. 'ஒண்ணுந்தெரியாத சனத்த ஏன் கொல்லுத?'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கானேன்னு ராசா நடுங்கிப் போனான். அப்புறம் தடியால அடிச்சே கொன்னுட்டாங்க. சாக்கடைக்குள்ள போட்டாங்க. இன்னொரு பொம்பள, லூசினாம்மான்னு பேரு, அவ எடுத்துக் கொண்டுபோயி அடக்கம் பண்ணுனா."

"அப்ப ஷஹீது, மார்க்கத்துக்காக உசுரக் குடுத்தவரு" என்றார் சுலைமான். பிறகு கேட்டார். "ஆனா ஒண்ணு. அந்தப் பொம்பள அம்புட்டுப் பாடுபட்டுப் பொழைக்க வச்சாளே. திரும்ப எதுக்குப் போனாரு? வீட்டோட இருந்திருந்தா?"

அன்னக்கிளி துணியைத் தொட்டுப் பார்த்தாள், விட்டுவிட்டது. "புண்ணு ஆறுறது எதுக்கு அண்ணாச்சி? வீட்டுக்குள்ளயே கிடக்கவா? வெளிய போகத்தான?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஒட்டின துணியை இழுக்காதவள் அல்லவா. சோறு போட்டுவிட்டு, "எனக்கு இடுப்பு வலி சாஸ்தியா இருக்கு. இந்தத் தையில அம்பெடுப்புக்கு நிக்க முடியுமான்னு தெரியல" என்று மட்டும் சொன்னாள். மறுநாளும் அதையே சொன்னாள். அப்புறம் ஒருநாள் கரிச்சட்டியை விளக்கிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் பிரேமலதா சொன்னாள்: "நான் எடுக்கேன் அத்தை."

அன்னக்கிளி "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். உடனே போய்ச் சேலை எடுத்துவந்தாள், மாம்பழக் கலரில்.

இங்கேதான் ஜெபசிங் வருகிறான். சூசையின் அண்ணன் மகன். அவன் அம்மா மெஞ்ஞானபுரம் பக்கத்துச் சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், அதனால் அந்தப் பேர். இப்போது குருசடிக்குப் பொறுப்பு அவன்தான். நல்ல பிள்ளை, அவசரக்காரன். கார்த்திகையிலேயே சுரூபத்தின் காலில் கரையான் ஏறிவிட்டதைப் பார்த்துவிட்டு, செல்போனில் போட்டோ எடுத்து எங்கேயோ தூரத்துப் பட்டறைக்கு அனுப்பி, இதே மாதிரி பைபரில் செய்து தாருங்கள் என்று சொல்லிவிட்டான். பொங்கலுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பழைய சுரூபத்தைத் தூக்கும்போது ஒரு கால் கையோடு வந்துவிட்டது. சாமியார் செபம் சொல்லி மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போடக்கூடாது, மண்ணில் வைக்கவேண்டும் என்று கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டான். புதைக்கும் முன்னால், புதுசுக்கு வேண்டுமே என்று அம்புகளைப் பலகையில் ஆணி பிடுங்குகிற மாதிரி பிடுங்கி, பாலித்தீன் பையில் போட்டு அன்னக்கிளி கையில் கொடுத்தான்.

"எண்ணெ தொட்டு எடுத்தியாலே?" என்று கேட்டாள்.

"செத்த மரத்துக்கு எதுக்குச் சித்தி எண்ணெ?"

அவள் அம்புகளைத் துடைத்துப் பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

பொங்கல் லீவில் லாரி செட்டெல்லாம் மூடிக் கிடந்ததால் புதுச் சுரூபம் வந்து சேர்ந்தது அம்பெடுப்பு அன்றைக்கு மத்தியானம். குருசடி முன்னால் பெட்டியை உடைத்தார்கள். தெருவே கூடிவிட்டது. பிரேமலதா மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு, மாமியாரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டினமாதிரி நடந்து குருசடி வரைக்கும் வந்துவிட்டாள். ஆடிக்குப் பிறகு தெரு அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தெருக்காரர்களுக்கு அந்த நாகரிகம் உண்டு.

வைக்கோலை விலக்கினதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நல்ல சிவப்பு, நல்ல மூக்கு.

"சினிமாக்காரன் கணக்கால்லா இருக்காரு!"

"ஏட்டி, கும்பிடுத சாமிய அப்படிச் சொல்லாத."

அன்னக்கிளி துணிச்சுற்றைப் பிரித்துக்கொண்டு கிட்டே போனாள். சுரூபத்தின் நெஞ்சில் ஏற்கெனவே அம்பு இருந்தது. விலாவில் இருந்தது. தோளில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். அசைத்துப் பார்த்தாள். உடம்போடு உடம்பாக வார்த்துவிட்டிருந்தார்கள்.

ஜெபசிங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. பட்டறைக்குப் போன் போட்டான். "தம்பி, நீங்க அனுப்புன போட்டோல அம்பு இருந்துச்சு, அதான் வச்சிருக்கோம். கழட்டணும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றது அந்தப் பக்கம். அவன் சொல்லவில்லைதான். குருசடித் தெருவில் பிறந்த எவனுக்கும் அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்காது. அம்பு என்றால் கழற்றுவதற்கு என்றுதான் அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவந்திருக்கிறார்கள்.

"ரம்பம் வச்சு அறுத்துருவமா?" என்றான் ஒருத்தன்.

"பைபரு கீறிரும்லே. நெஞ்சுல ஓட்டையோட சப்பரத்துல ஏத்தவா?"

"அம்பத் தொட்டுக் கும்பிட்டாப் போதும், எடுத்த மாதிரிதான்" என்று இன்னொருத்தர் சமாதானம் சொன்னார்.

பிரேமலதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் மாமியார் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்குன்னு வந்ததும் பாத்தியளா அத்தை. சாமி நெஞ்சுல உள்ள அம்புகூட வரமாட்டேங்குது" என்றாள். திரும்பி விறுவிறு என்று நடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்னக்கிளி கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குச் சாத்தின கதவு இனி எந்தத் தைக்குத் திறக்கும்? பிறகு பக்கத்து வீட்டில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் கேட்காமலே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வீட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"ஏட்டி பிரேமா. நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போறேன். ஒத்தையில தோண்டுனா என் இடுப்பு அங்கனயே நின்னுரும். அப்புறம் என்னையும் அங்கனயே மூடிட்டு வரவேண்டியதுதான். நீ வாரியா?"

ஜன்னல் கம்பியை விரலால் தட்டினாள்.

"அவசரமில்ல. சேலைய மாத்திட்டே வா. நான் மெதுவாத்தான நடக்கப்போறேன்."

நிஜமாகவே மெதுவாகத்தான் நடந்தாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் பின்னால் பார்க்கவில்லை. முனையில் மண்வெட்டியைத் தோள் மாற்றுகிற சாக்கில் திரும்பினாள். பழைய சேலையில் பிரேமலதா வந்துகொண்டிருந்தாள். கிட்டே வந்து மண்வெட்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "எதுக்குன்னு சொல்லவே இல்லையே அத்தை" என்றாள்.

"ஐரேனம்மா எதுக்குப் போனாளோ அதுக்குத்தான்."

கல்லறைத் தோட்டத்தில், மதிலோரம் உடைமரத்தடியில் மண் புதுசாக இருந்தது. அங்கே போகிற வழியில்தான் செல்வக்குமாரின் குழி, சிமெண்டுச் சிலுவை. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி கடந்து போனார்கள். பிரேமலதா தோண்டினாள். அன்னக்கிளி கையாலேயே மண்ணை விலக்கினாள். பாதி தோண்டும்போது ஜெபசிங் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"சித்தி, என்ன காரியம் பண்ணுதீய? புதைச்சதத் தோண்டுனா தெருவுல என்ன சொல்லுவாவ?"

"நீ மூச்சு இருக்கான்னு பாத்துட்டாலே புதைச்ச?"

"சித்தி, அது மரம்."

"மரம்னா என்னலே? எங்க மாமியாருக்கு அத்தைக்காரி எடுத்தா. என் மாமியா எடுத்தா. நான் எடுத்தேன். அத்தன பேரு கை பட்ட ஒடம்ப ஒரு காலு போச்சுன்னு மண்ணள்ளிப் போட்டுட்ட. நான் கட்டுப் போடுத பாதிப் பேருக்கு ஒரு காலுதான். அவங்களையும் கொண்டாந்து இங்கன வச்சிருவமா?"

ஜெபசிங் தலையைச் சொறிந்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளு மதினி" என்று பிரேமலதா கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினான்.

சாக்கில் சுற்றிப் புதைத்திருந்த சுரூபத்தைச் சாக்கோடு தூக்கி வெளியே வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கரையான் தின்ற மாவு. தூக்கும்போதே உதிர்ந்துபோனது. பிரேமலதா உட்கார்ந்து முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்தாள், கண், மூக்கு, வாய். நெஞ்சைத் துடைத்தாள். துளைக்குள் அடைத்திருந்த மண்ணை விரலால் நோண்டி எடுத்தாள். அப்புறம் விரலை மோந்து பார்த்தாள்.

"அத்தை. வேப்பெண்ணெ வாசன."

அன்னக்கிளி குனிந்து பார்த்தாள். துளையைச் சுற்றி மரம் கறுத்து, எண்ணெய் குடித்து, இரும்பு மாதிரி இருந்தது. விலாத் துளையைச் சுற்றி அப்படித்தான். தோளிலும் அப்படித்தான். ஜெபசிங் விரல் முட்டியால் தட்டினான். டக்டக் என்றது. வருஷா வருஷம் தாலி அறுத்த பொம்பளைகள் தொட்டுவைத்த எண்ணெய் உள்ளே இறங்கி இறங்கி, காயம்பட்ட இடத்தை மட்டும் கரையான் அண்டவில்லை. காயமே படாத காலைத்தான் தின்று தீர்த்திருந்தது.

"இருக்காரு" என்றாள் பிரேமலதா. ஆடிக்குப் பிறகு அவள் குரல் சத்தமாக வந்தது அப்போதுதான். "அத்தை, நல்லாத்தான் இருக்காரு."

ஜெபசிங் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சிமெண்டுச் சிலுவைப் பக்கம் வந்ததும் பிரேமலதா நின்றாள். அன்னக்கிளியும் நின்றாள். பிரேமலதா சிலுவைமேல் கையை வைத்து, உள்ளே இருக்கிறவனிடம் கடைக்குப் போகிறவள் சொல்வது மாதிரி, "வாரேன்" என்றாள். அன்னக்கிளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகனுக்காக அவளும் அன்றைக்குத்தான் மருமகளுக்கு முன்னால் அழுதாள். இரண்டு பேரும் அங்கேயே கொஞ்ச நேரம் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டுக் கிளம்பினார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் குருசடி முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பழைய செபஸ்தியாரைப் படுக்கவைத்தார்கள். உள்ளே பீடத்தில் புதியவர் பளபளவென்று நின்றுகொண்டிருந்தார். எல்லாம் தயார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அம்பு அன்னக்கிளி மடியில் இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் முதலில் குத்தவேண்டும். யார் குத்துவது? எட்டாம் நாள் பெரியவர் செருகுவது வேறு. அம்பெடுப்பு அன்றைக்கே, எல்லாரும் பார்க்க, மண்ணுக்குள்ளிருந்து எழுந்துவந்தவர் நெஞ்சில் யார் கை வைப்பது? ஆளுக்கு ஆள் பின்னால் நகர்ந்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னையப் பாக்கிய?" என்றான் ஜெபசிங். பிறகு அவனே, "நாந்தான புதைச்சேன். நானே குத்துதேன்" என்றான். ஒவ்வொன்றாகச் செருகினான். ஒவ்வொன்றுக்கும், "ஐயா, மன்னிச்சுக்கிடும்" என்று சொன்னான். எட்டாம் நாள் பெரியவர் சொல்வதை விடவும் அது நன்றாக இருந்தது, உண்மையாகவே சொன்னான் அல்லவா.

பிரேமலதா திரும்பவும் மாம்பழக் கலர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தெருப் பொம்பளைகள் அவள் தலையில் மல்லிகைப்பூ வைத்தார்கள், நிறைய. அவள் பெஞ்சுப் பக்கம் முழங்காலில் இருந்து நெஞ்சில் உள்ள அம்பைப் பிடித்தாள். வரவில்லை. ஈர மண்ணில் கிடந்த மரம், துளை இறுகிவிட்டிருந்தது; ஜெபசிங் அழுத்தித்தான் செருகியிருந்தான். அன்னக்கிளிக்கு ஓடிப்போய்ப் பிடித்து இழுத்துக் கொடுக்கலாமா என்று கை பரபரத்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிரேமலதா அம்பை விட்டுவிட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். அம்பு இறங்கின இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். விட்டுவிட்டு, சுரூபத்தின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரமென்று யாரும் பார்க்கவில்லை. கோயில் பக்கம் பூ மார்க்கெட்டில் யாரோ ஏலம் கூவுவது கேட்டது. பிறகு குனிந்து, அந்த மரக்காதில், "வலிக்காது ராசா. வலிச்சா என்னையத் திட்டு" என்றாள்.

அம்பு வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஐரேனம்மா!" என்று தெரு சத்தம் போட்டது. அவள் மற்ற அம்புகளையும் எடுத்தாள், எண்ணெய் தொட்டாள், பஞ்சு வைத்து மூடினாள். கடைசிப் பஞ்சை வைக்கும்போது அழுதுகொண்டிருந்தாள், ஆனால் கை ஆடவில்லை.

பழையவரை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது ஜெபசிங்கே சொன்னான்: "புதுசு சப்பரத்துல போகட்டும். இவரு அம்பெடுப்புக்கு இருக்கட்டும். இடுப்புக்கு மேல இருந்தாப் போதும்லா, அதுலதான எல்லாம் இருக்கு."

மறுநாள் காலையில் தட்டில் அம்பை வைத்துக்கொண்டு பிரேமலதா கேட்டாள்: "அத்தை, நம்ம தெரு வீட்டுக்கெல்லாம் போயிட்டு, நான் பனவடலிசத்திரம் போயிட்டு வரட்டா? அப்பாவுக்குக் கால்ல முள்ளுக் குத்தி ஆறவே மாட்டேங்குன்னு காவியா போன்ல சொன்னா."

"பொறவாசல் வழியாவா, முன்வாசல் வழியாவா?"

"தட்டத் தூக்கிட்டு யாராவது பொறவாசல்ல போவாவளா?" என்றாள் மருமகள்.

அன்னக்கிளி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடப் போனாள். மருமகள் தலையில் நேற்றைய பூ வாடாமல் இருந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவளைக் கண்டக்டர் பார்த்தான், தட்டில் உள்ள அம்பைப் பார்த்தான், "அம்புக்கும் டிக்கெட் எடுக்கணுமாக்கா?" என்றான். பஸ் கிழக்கே போனது. அன்னக்கிளி பையைத் தூக்கிக்கொண்டு மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினாள். திருநாள் சாமிக்கு, புண்ணுக்கு ஏது லீவு.

சுலைமானின் துணி ஊறிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பிரேமலதா. பின்னால் ஆடு கத்துகிற சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அத்தை, அம்மா ரொம்ப நேரம் கதவப் பிடிச்சுக்கிட்டே நின்னா."

"ம்."

"அப்புறம் உள்ள போயி உப்பும் மிளகும் எடுத்துட்டு வந்து போட்டுட்டா. ரெண்டு கையாலயும். காவியா மாப்பிள வீட்டுக்காரங்களும் இருந்தாங்க. அவங்களும் போட்டாங்க. அப்பா புண்ணக் கழுவணும், தண்ணி கொதிக்குது. ராவைக்கு இங்கன தங்கிட்டு வரட்டா?"

"தங்கிட்டு வா தாயி. துணி ஒட்டியிருந்தா இழுத்திராத."

"தெரியும் அத்தை" என்று வைத்துவிட்டாள்.

சுலைமான் காலை நீட்டிக்கொண்டே கேட்டார்: "யாரு, மருமவளா? வீட்டுக்குள்ளேயே கிடக்கான்னு சொன்னியே, இப்ப எங்க இருந்து பேசுதா?"

அன்னக்கிளி துணியைத் தொட்டுப் பார்த்தாள். விட்டுவிட்டது.

"அவ வெளிய போயிருக்கா, அண்ணாச்சி" என்றாள்.